குறைப்பிரசவம்: கர்ப்பிணிகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். "சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?" என்று வராந்தாவில் நிறுத்தி என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. கேட்டவர்களில் கர்ப்பிணிகள் உண்டு, அவர்களுடைய அம்மா, மாமியார், கணவன்மாரும் உண்டு. அங்கே நின்றபடியே அவசரமாகப் பதில் சொல்லிவிட்டு ஓட வேண்டியிருக்கும். இங்கே கொஞ்சம் உட்கார்ந்து சொல்கிறேன். உங்களைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவர் உங்கள் உடம்புக்கு ஏற்ப வேறு ஏதாவது சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

எத்தனை மாதத்துக்கு முன்னால் பிறந்தால் குறைப்பிரசவம்?

முதலில் மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு வந்துவிடுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் முடியும் தேதியைத்தான் பிரசவத் தேதி என்று குறித்துக் கொடுக்கிறார்கள். 37 வாரம் நிறைவதற்கு முன் குழந்தை பிறந்துவிட்டால் அது குறைப்பிரசவம்.

குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை 32 வாரத்துக்கும் 37 வாரத்துக்கும் இடையில் பிறப்பவை. நன்றாகக் கவனித்தால் தேறிவிடும். 28 முதல் 32 வாரத்துக்குள் என்றால் மூச்சு, பால், உடம்புச் சூடு எல்லாவற்றுக்கும் உதவி வேண்டும். 28க்கும் கீழே போனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், தீவிர சிகிச்சைதான்.

"எட்டு மாசம் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எட்டு நடக்கிறதா, முடிந்துவிட்டதா? 31 வாரமாகவும் இருக்கலாம், 35 வாரமாகவும் இருக்கலாம். அந்த நாலு வாரம் குழந்தையின் நுரையீரலுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும்போதும் "இன்றைக்கு எத்தனை வாரம்?" என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கும் தேதி மறந்துபோனவர்களுக்கும், முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் வாரத்தைச் சரியாகச் சொல்லும். பிந்தி எடுக்கிற ஸ்கேனில் கணக்கு முன்பின் ஆகும்.

குழந்தை எடை குறைவாக இருந்தால் குறைமாதம் என்று அர்த்தமா?

இல்லை. 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை. நிறைமாதத்திலும் அப்படிப் பிறக்கும். நிறைமாதத்தில் பிறந்த 2 கிலோ குழந்தையும் 33 வாரத்தில் பிறந்த 2 கிலோ குழந்தையும் பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் தேவைப்படும் கவனிப்பு வேறு. அதனால்தான் எடையைவிட வாரத்தை முதலில் கேட்கிறோம்.

ஏழாம் மாசக் குழந்தை தங்கும், எட்டாம் மாசக் குழந்தை தங்காது என்கிறார்களே?

இதை நம்பாதீர்கள். இந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும் உள்ளது இல்லை. ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் உண்மை நேர் எதிர். வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 33 வாரத்துப் பிள்ளையைப் பார்த்து "எட்டாம் மாசம், எங்கே தங்கப்போகுது" என்று பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்ட தாய்க்குப் பால் சுரக்குமா?

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் ஏறக்குறைய 34 வாரத்தில், 2.1 கிலோ எடையில் பிறந்தான். நுரையீரல் விரியாமல் இரண்டே நாளில் இறந்துபோனான். அன்று அதற்கு மருந்து இல்லை. இன்று நுரையீரல் விரிவதற்கான சர்ஃபாக்டன்ட் மருந்தும், மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் கருவியும் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கின்றன. 34 வாரத்துக் குழந்தைகளை நாங்கள் வாடிக்கையாக வீட்டுக்கு அனுப்பி வைத்தோம்.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது?

உலகத்தில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று குறைமாதக் குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் 1.34 கோடி. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணமும் இதுதான். நவம்பர் 17ஐ இதற்கென்றே ஒரு நாளாக உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள்.

நான் என்ன தப்பு செய்தேன்?

இதைக் கேட்காத தாய் இல்லை. மாடிப்படி ஏறியதா, குடம் தூக்கியதா, அன்றைக்கு அழுததா, கிரகணத்தில் வெளியே போனதா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்பார்கள். இவை எதுவும் காரணம் இல்லை. குறைப்பிரசவங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, தாய்க்கோ சிசுவுக்கோ ஆபத்து என்று மருத்துவர்களே முடிவெடுத்து நடத்துபவை. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, சிசு வளரவில்லை, ரத்தப்போக்கு நிற்கவில்லை என்பது போன்ற நிலைகள். மற்றவை தானாக வலி கண்டோ, பனிக்குடம் முன்னாலேயே உடைந்தோ நடப்பவை. அவற்றில் பலவற்றுக்கு எவ்வளவு தேடினாலும் ஒரு காரணம் அகப்படாது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பெண்ணுக்கும் இது நடக்கிறது. மருமகளைக் குற்றம் சொல்லும் வீட்டார் இந்தப் பத்தியை இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

அப்படியானால் யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

ஏற்கெனவே ஒரு குறைப்பிரசவம் ஆனவர்கள்தான் முதலில். அவர்களுக்கு மறுபடி நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அடுத்தது இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள். இரட்டையரில் பாதிக்கும் மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். குழந்தையின்மை சிகிச்சையில் கருத்தரித்தவர்களுக்கு இரட்டைக் கரு அதிகம் என்பதால் அவர்களும் இதில் வருவார்கள். கருப்பை வாய் குட்டையாக இருப்பவர்கள், அதில் முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருப்பையின் அமைப்பிலேயே மாற்றம் உள்ளவர்கள், பனிக்குட நீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவரே சொல்லிவிடுவார். சொன்னால் அலட்சியம் வேண்டாம்.

உடம்பு நோய்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் முக்கியம். முகம் வீங்குவது, விடாத தலைவலி, கண்ணில் மின்னல் வெட்டுவது, மேல்வயிற்றில் வலி ஆகியவை அழுத்தம் ஏறுவதன் அடையாளம். அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும். இந்த அழுத்தம் வரக்கூடியவர்கள் என்று தெரிந்தால், 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையைத் தொடங்குவார்கள். "இது ஹார்ட் மாத்திரை ஆச்சே" என்று கடைக்காரர் சொன்னார் என்று நிறுத்திவிட்டு வந்தவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள்.

ரத்தசோகை நம் நாட்டில் பெரிய பாரம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடோ பாலோடோ போட்டால் உடம்பில் சேராது. ஒரு எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம்.

அப்புறம் வயதும் இடைவெளியும். 18க்கு முன் கருத்தரிப்பது, 35க்கு மேல் கருத்தரிப்பது, கருவுறும்போதே மிக ஒல்லியாக இருப்பது ஆகிய மூன்றிலும் வாய்ப்பு கூடும். ஒரு குழந்தை பிறந்து ஒன்றரை வருடத்துக்குள் அடுத்த கரு தங்கினாலும் அப்படித்தான்.

புகையிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் சிகரெட் பிடிப்பது குறைவுதான். ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். வாய்க்குள் போவதும் அதே விஷம்தான். கணவர் வீட்டுக்குள் பிடிக்கும் பீடி, சிகரெட் புகையும் சிசுவுக்குப் போய்ச் சேரும். விறகடுப்புப் புகையும் நல்லதில்லை.

இன்னொன்று, யாரும் வாயைத் திறந்து சொல்லாதது: வீட்டில் அடி. வயிற்றில் விழும் அடியால் நஞ்சுக்கொடி பிரிந்துபோய்த் தாயும் பிள்ளையும் சேர்ந்தே ஆபத்துக்குப் போகலாம். "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்கிறவர்களின் கண்ணைப் பார்த்தால் எங்களுக்குத் தெரியும். செவிலியரிடம் தனியாகச் சொல்லுங்கள், அல்லது பெண்கள் உதவி எண்ணான 181க்குப் போன் செய்யுங்கள்.

எரிச்சல், கடுப்பு எதுவும் இல்லையே, எதற்கு யூரின் கல்ச்சர்?

கர்ப்ப காலத்தில் சிறுநீரில் கிருமி இருந்தும் ஒரு தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். அது சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்காய்ச்சல் வரும், அதோடு வலியும் தொடங்கிவிடும். சாதாரணப் பரிசோதனையில் தப்பிவிடும் கிருமி, சிறுநீரிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் தெரியும். மருந்து கொடுத்தால் எத்தனை நாளோ அத்தனை நாளும் சாப்பிட வேண்டும். இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்தக்கூடாது. துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பத்தில் பல்லைத் தொடக்கூடாது என்பது தவறு.

இதில் எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் விஷயம். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி வரை நின்றபடி வேலை. கழிப்பறைக்குப் போக ஆளை மாற்றிவிட்டுப் போக வேண்டும், அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். நீண்ட நேரம் நிற்பதும் குறைப்பிரசவ வாய்ப்பைச் சற்றே கூட்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தியாகிவிட்டது. கேட்டு உட்காருங்கள், தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பை வாயில் தையல் போட வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். கருப்பை வாய் என்பது பையின் சுருக்கு மாதிரி. சிலருக்கு அது வலியே இல்லாமல் நாலைந்து மாதத்தில் திறந்துகொள்ளும். அதைத் தைத்து இறுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்களில் முதல்வர் நம் நாட்டவர், பம்பாயில் பணியாற்றிய டாக்டர் ஷிரோத்கர். 1955இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரிலேயே வழங்குகிறது. மயக்க ஊசி கொடுத்துத்தான் போடுவார்கள். 36, 37 வாரத்தில் தையலைப் பிரித்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் தையல் தேவைப்படாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தையும் அளந்து பார்க்கலாம். 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், பிறப்புறுப்பில் வைக்கும் புரொஜெஸ்ட்ரோன் மாத்திரை பலருக்குப் போதும். முன்பு குறைப்பிரசவமோ, நாலைந்து மாதத்தில் கருச்சிதைவோ ஆனவர்கள் இந்த அளவை எடுக்கச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள்.

பெட் ரெஸ்ட் எடுத்தால் தடுக்கலாமா?

இரட்டைக் குழந்தை என்று சொன்ன அன்றே கட்டிலை விட்டு இறங்கவிடாத வீடுகள் உண்டு. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் படுத்தே இருப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படுவதாக ஆராய்ச்சிகளில் தெரியவரவில்லை. மாறாகக் காலில் ரத்தம் உறையும், தசை தளரும், மனம் சோர்ந்துபோகும். பாரமான வேலையை விடுங்கள், இடையிடையே சாயுங்கள், மற்றபடி நடமாடுங்கள். ரத்தப்போக்கு, பனிக்குடம் கசிவு போன்ற காரணத்துக்காக மருத்துவர் படுக்கச் சொன்னால் அது வேறு.

பப்பாளி, அன்னாசி?

பச்சைப் பப்பாளியில் பால் இருக்கிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள். நன்றாகப் பழுத்த பழத்தில் ஒரு துண்டு, அன்னாசியில் இரண்டு துண்டு தின்றால் பிரசவம் ஆகிவிடாது. தெரியாமல் தின்றுவிட்டு ராத்திரி முழுக்க அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் பயணம் போகலாமா?

பயணத்தால் பிரசவ வலி வருவதில்லை. மேலே சொன்ன ஆபத்துகள் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். சிக்கல் வேறொன்று. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளையல் போட்டு அழைத்துப்போகும்போது புடவை, பலகாரமெல்லாம் பெட்டியில் ஏறும். ஸ்கேன் ரிப்போர்ட்டும் தாய் சேய் நல அட்டையும் மாமியார் வீட்டு பீரோவிலேயே இருந்துவிடும். அங்கே நடுராத்திரியில் வலி வந்தால் புது மருத்துவருக்கு எதுவும் தெரியாது. கைப்பையில் முதலில் அந்த ஃபைலை வையுங்கள். தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

வலி வந்தால் அது சூட்டு வலியா, பிரசவ வலியா என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரசவம், 30 வாரம் ஆன ஒரு பெண். சாயங்காலம் ஆறு மணிக்கு இடுப்பு கடுத்திருக்கிறது. "சூட்டு வலி" என்று மாமியார் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்திருக்கிறார், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவியிருக்கிறார். குறைந்த மாதிரி இருந்து மறுபடி வந்திருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. எங்களிடம் வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் பிரசவம். குழந்தை 1,250 கிராம். ஒவ்வொரு மூச்சுக்கும் மார்புக்குழி உள்ளே இழுக்கும், கூடவே ஒரு முனகல். பூனைக்குட்டி முனகுவது போல மெல்லியதாக இருக்கும் அந்தச் சத்தம், வார்டின் அந்தக் கோடி வரை கேட்கும். ஒன்பது நாள் மூச்சுக் கருவியில் கிடந்து பிழைத்தது. "நேத்து சாயங்காலமே வந்திருந்தா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். முந்தின மாலையே வந்திருந்தால் நுரையீரலுக்கான ஊசி போட்டிருக்கலாம், மூச்சுக்கு அவ்வளவு போராடியிருக்காது. அதை அப்போது அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மாமியார் தனக்குத் தெரிந்ததை அன்போடுதான் செய்தார். தெரியவேண்டியதை யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

சரி, அடையாளங்கள் இவை. வயிறு கல் மாதிரி இறுகி, பிறகு தளர்வது. ஒரு மணி நேரத்தில் ஆறு முறைக்கு வந்தாலோ, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்தாலோ கிளம்பிவிட வேண்டும். வலிக்க வேண்டும் என்றுகூட இல்லை, இறுக்கமே போதும். மாதவிலக்கு வலி போல அடிவயிற்றில் கடுப்பு. விட்டு விட்டு வரும் இடுப்பு வலி. குழந்தை கீழே அழுத்துகிற உணர்வு. வெள்ளை திடீரென நீராகவோ, சளி போலவோ, ரத்தம் கலந்தோ போவது. உள்ளாடை நனைந்துகொண்டே இருப்பது. சிறுநீர் என்று நினைத்துக்கொள்வார்கள், பனிக்குட நீருக்குச் சிறுநீர் வாடை இருக்காது. சுத்தமான நாப்கின் வைத்துக்கொண்டு அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்.

பொய்வலி என்று ஒன்று உண்டுதான். ஒழுங்கில்லாமல் வரும், இடப்பக்கம் சாய்ந்து படுத்துத் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். ஆனால் 37 வாரத்துக்கு முன் வீட்டில் இருந்துகொண்டு அதைத் தீர்மானிக்கும் வேலை உங்களுடையது இல்லை. கருப்பை வாயைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். பத்து முறை பொய்வலிக்கு வந்து திரும்பிப் போங்கள். "இதுக்கா வந்தே?" என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 108 இதற்காகத்தான் இருக்கிறது.

சீக்கிரம் போனால் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறார்கள்?

வலியை முழுதாக நிறுத்த முடியாமல் போகலாம். ஆனால் இரண்டு நாள் தள்ளிப்போட மாத்திரை உண்டு, அந்த இரண்டு நாளுக்குள் செய்யும் வேலைதான் உயிரைக் காக்கிறது.

முதல் வேலை ஸ்டெராய்டு ஊசி. நுரையீரலுக்கான ஊசி என்று மேலே சொன்னது இதைத்தான். இதன் கதை ஆட்டுக்குட்டியிலிருந்து தொடங்குகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு இந்த மருந்தைச் செலுத்தியபோது அவை சீக்கிரமே பிறந்தன. மூச்சுவிட முடியாமல் இறந்திருக்க வேண்டிய குட்டிகள் மூச்சு விட்டன. அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் சேர்ந்து தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1972இல் வெளியிட்டார்கள். நம்மூரில் கொடுப்பது பெரும்பாலும் டெக்சாமெத்தசோன்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. மிக மலிவான மருந்து. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், இந்த ஊசியால் பச்சிளங்குழந்தை இறப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தது.

"ஸ்டெராய்டா? குழந்தைக்கு ஆகாதே" என்று மறுப்பவர்கள் உண்டு. 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்ற நிலையில் இதைப்போல நன்மை செய்யும் ஊசி வேறில்லை. அதற்காக எல்லாக் கர்ப்பிணிகளும் முன்ஜாக்கிரதையாகப் போட்டுக்கொள்வதும் சரியில்லை. ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகக்கூடும் என்றால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும்.

32 வாரத்துக்கு உட்பட்டதென்றால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட் கொடுப்பார்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் பிரசவத்துக்கு முன்பே அனுப்புவார்கள். எந்த ஆம்புலன்ஸும் தாயின் வயிற்றுக்கு ஈடாகாது. ஆகவே "இங்கேயே பார்த்துடுங்க டாக்டர்" என்று மன்றாட வேண்டாம்.

நல்ல நட்சத்திரம் பார்த்துச் சிசேரியன் தேதி குறிக்கலாமா?

சிசேரியன்தான் என்று முடிவானவர்கள் 39 வாரம் நிறைந்த பிறகு வரும் நாட்களில் பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். அதற்கு முந்திய தேதி வேண்டாம். ஜோசியர் குறித்துக் கொடுத்தார் என்று 36, 37 வாரத்தில் எடுத்த பிள்ளைகள் நுரையீரலில் நீர் வடியாமல் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் பிறந்த பிள்ளையை முதல் நாலு நாள் தாய் தொடக்கூட முடியாமல் போகும். இது ஒன்றைத்தான் நூறு சதவீதம் தடுக்க முடியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

குழந்தை பிறந்துவிட்டது, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். முதலில் பால். குழந்தை உறிஞ்சாவிட்டாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கையால் பீய்ச்சுங்கள். முதல் நாள் அரை ஸ்பூன்தான் வரும், மஞ்சளாக. அதை வீணாக்காதீர்கள், அது மருந்து. முதலில் குழாய் வழியாகக் கொடுப்போம், பிறகு மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில். நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே பாலாடையை, அதே பெயரில், இன்று மருத்துவப் புத்தகங்களிலும் எழுதுகிறார்கள். பால் சுரக்கவில்லையென்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியது. குல்லா, காலுறை, நாப்கின் மட்டும் போட்ட குழந்தையைத் தாயின் மார்புக்கு நடுவே நெஞ்சோடு நெஞ்சாக வைத்துத் துணியால் கட்டிவிடுவோம். இந்தியாவும் பங்கெடுத்து 2021இல் வெளியான ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு கால் பங்கு குறைந்தது. அப்பாவும் செய்யலாம். சட்டைப் பித்தானைக் கழற்றக் கூச்சப்பட்டு நின்ற ஒரு அப்பா, பத்து நிமிடம் கழித்து மானிட்டரில் மகளின் இதயத் துடிப்பு சீராவதைப் பார்த்துவிட்டு, சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு மறக்கக்கூடாதது எது?

கண் பரிசோதனை. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. சில குழந்தைகளுக்குத் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடும். வெளியே பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். நம் நாட்டு விதிப்படி 34 வாரத்துக்குள்ளோ 2 கிலோவுக்குள்ளோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும், பிறந்து 30 நாள் முடிவதற்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னாலேயே. சரியான நேரத்தில் லேசர் வைத்தால் பார்வை தப்பும். "தீட்டு கழியட்டும், நாற்பது நாள் ஆகட்டும்" என்று காத்திருந்தால் அதற்குள் நேரம் கடந்துவிடும். காது பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

தடுப்பூசியைப் பிறந்த தேதியை வைத்துப் போடுவார்கள். கவிழ்வது, உட்காருவது, நடப்பதையெல்லாம் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்குப் பாருங்கள், இரண்டு வயது வரை. எட்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளை இரண்டு மாதம் பிந்தி உட்கார்ந்தால் அது தாமதமே இல்லை.

அடுத்த குழந்தைக்கும் இப்படித்தான் ஆகுமா?

வாய்ப்பு கூடுதல்தான், ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு அடுத்தது நிறைமாதமாகவே அமைகிறது. இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள். அதற்குக் குடும்பக் கட்டுப்பாட்டு முறை எது பொருந்தும் என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேளுங்கள். மறுபடி நாள் தள்ளிப்போனால் மூன்றாம் மாதம் வரை காத்திருக்காமல் உடனே போய்ப் பதிவு செய்யுங்கள். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, பனிக்குடம் முதலில் உடைந்ததா, வலி முதலில் வந்ததா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதே அதைப் பார்த்துத்தான். அந்தத் தாளைத் தொலைத்திருந்தால், பிரசவம் ஆன மருத்துவமனைக்குத் தேதியோடு போய்க் கேளுங்கள், பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள்.